பாய் விளக்கு

போன வருடம் கார்த்திகை தீபத்தன்று, என் சொந்தத் தெருவுக்குள் நுழைய என்னை ஒரு போலீஸ்காரர் விடவில்லை. பஸ்ஸை ஊருக்கு வெளியே ஏதோ ஒரு வயல்வெளியில் நிறுத்தி, இதுதான் இன்றைக்குப் பஸ் நிலையம் என்று இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, தெருமுனையில் கட்டியிருந்த தடுப்பைத் தாண்டப்போனேன். லத்தி குறுக்கே வந்தது.

"பாஸ் இருக்குதா மேடம்?"

"எங்க வீட்டுக்குப் போறதுக்கு எதுக்குங்க பாஸ்?"

"உள்ளூருன்னா ஆதார் காட்டுங்க."

ஆதாரில் சென்னை முகவரி. கல்யாணமான கையோடு மாற்றியது. நான் பிறந்தது, விழுந்து பல்லை உடைத்துக்கொண்டது எல்லாம் இந்தத் தெருவில்தான் என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார் அவர், ரொம்பப் பொறுமையாக. எனக்குக் கோபம் வந்தால் குரல் தானாக ஏறிவிடும். அது ஏறி இறங்குவதற்குள் முனைப் பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "சார், அது செருப்புக் கடை பாய் பொண்ணு, விடுங்க," என்றார். லத்தி விலகியது. ஊரில் எனக்கு மிச்சம் இருந்த அடையாள அட்டை அந்தப் பூக்கடைக்காரர்தான்.

செருப்புக் கடை பாய் என்றால் என் அப்பா. நாங்கள் அத்தா என்று கூப்பிடுவோம். கோயில் இருக்கிற ஊரில் இதைவிட நல்ல வியாபாரம் கிடையாது என்று அவர் சொல்வார். கோபுர வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேருக்குத் திரும்பி வரும்போது அது இருக்காது. பௌர்ணமியில் வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு வருகிறவர்களுக்குச் செருப்பு இருந்தாலும் கொப்புளத்தில் போட முடியாது. ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டு வருவார்கள். அதனால் எங்கள் வீட்டில் பௌர்ணமிக்கு மறுநாள் நிச்சயம் பிரியாணி. மற்ற பாய் வீடுகளில் பிறையைப் பார்த்துக் காத்திருந்தார்கள் என்றால், நாங்கள் முழு நிலாவுக்கும் காத்திருந்தோம்.

அந்த முறை நான் வந்தது அத்தாவைச் சென்னைக்குக் கூட்டிப்போக. அம்மா இறந்து சில வருடங்களாகிவிட்டன. அத்தாவுக்குக் கண்ணில் புரை எடுத்தாயிற்று, முட்டி வலி, கடையையும் மூடியாயிற்று. வீட்டையும் விற்றுவிட்டோம். வாங்கியவர் பக்கத்து லாட்ஜ்காரர். அவருக்குக் கார் நிறுத்த இடம் போதவில்லையாம். பத்திரம் முடிந்த அன்று அத்தா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தீபம் வரிக்கும் இங்க இருந்துக்கறேம்மா. ஒருவாட்டி மலையப் பாத்துட்டு, ஏத்துங்கம்மான்னு சொல்லிட்டு வந்துடறேன்."

சரி என்றேன். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து இப்போது மலை தெரியாது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவில் மொட்டை மாடி வைத்த வீடு எங்களுடையது மட்டும்தான். மற்றதெல்லாம் ஓட்டு வீடுகள். மாடியில் அறை எதுவும் கிடையாது. செருப்பு வந்த அட்டைப்பெட்டிகளைப் போட்டு வைக்க ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் வெயிலில் வெந்த ரப்பர் வாசனை, ஒரு துணிக்கொடி, அவ்வளவுதான். ஆனால் படி ஏறி மேலே போனால் மேற்கே மலை முழுசாக நிற்கும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே அங்கே போய்ப் பார்ப்பேன். உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தால் அம்மா குடையைத் தேடுவாள். அம்மாவோடு சண்டை போட்டால் நேராக மாடிக்குப் போய் மலையைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். அது ஒன்றும் சொல்லாது. சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு வேண்டியிருந்தது, வீட்டில் மற்ற எல்லாரும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்ததால்.

தீபத்தன்று மலை உச்சியில் சாயங்காலம் ஆறு மணிக்குத் தீபம் ஏற்றுவார்கள். அது தெரியும்வரை ஊரில் எந்த வீட்டு வாசலிலும் விளக்கு ஏறாது. ஓட்டு வீட்டு வாசலில் நின்றால் எதிர்வீட்டுக் கூரையும் தென்னை மரமும்தான் தெரியும், உச்சி தெரியாது. அதனால் தெருப் பெண்களெல்லாம் அகல் அடுக்கிய தட்டோடு எங்கள் மாடிக்கு ஏறி வந்துவிடுவார்கள். அம்மா காலையிலேயே மாடியைக் கழுவி விட்டிருப்பாள். பொரி உருண்டையும் அப்பமும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும். நானும் என் தோழிகளும் மடியில் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போய்த் தின்போம். ரப்பர் வாசனையோடு பொரி உருண்டை தின்றவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

மலை உச்சியைப் பார்த்துச் சொல்லும் வேலை அத்தாவுடையது. அதை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, தானாக அமைந்திருக்க வேண்டும். பெண்களுக்குக் கை நிறைய வேலை. ஒருத்தி திரியை நிமிண்டுவாள், ஒருத்தி காற்றுக்கு முந்தானையைப் பிடிப்பாள், குழந்தைகள் காலுக்குள் புகுந்து ஓடும். கண் இமைக்காமல் உச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஏற்றுவதற்கு விளக்கில்லாத ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. "நமக்குத்தான் கை சும்மா இருக்குது, கண்ணாவது வேல செய்யட்டும்," என்பார் அத்தா. உச்சியில் பொட்டு மாதிரி வெளிச்சம் விழுந்ததும், "ஏத்துங்கம்மா," என்பார். கத்த மாட்டார். கடையில் சைஸ் சொல்லும் அதே குரல்தான். மாடியில் தீக்குச்சிகள் உரசும். பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி அவரவர் வாசலுக்குப் போவார்கள். மாடியிலிருந்து பார்த்தால் தெரு ஒவ்வொரு வாசலாகப் பூத்துக்கொண்டே போகும். அந்தத் தெரு முழுக்க எங்கத்தா சொல்லி எரிகிறது என்று எனக்கு அவ்வளவு பெருமை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்வதும் ஏறக்குறைய அதே நேரம்தான். மற்ற நாளில் பள்ளிவாசலுக்குப் போகிறவர் அன்றைக்கு மட்டும் மாடி மூலையில் பாயை விரித்துக்கொள்வார். எங்கள் ஊரில் தொழுகைக்குத் திரும்பினால் எதிரே மலைதான் நிற்கும். தொழுகை வேறு, மலை வேறு என்பது அவருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். யாரும் எதையும் குழப்பிக்கொண்டதில்லை. அவர் தொழுது முடிக்கும்வரை பெண்கள், "உஸ், பாய் தொழுறாரு," என்று குழந்தைகளை அடக்குவார்கள். முடித்துப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, வேலைக்கு வந்த ஆள் மாதிரி கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றுகொள்வார்.

ஒரு வருடம் அது தப்பிப்போனது. அப்போது நான் ஐந்தாவதோ ஆறாவதோ படித்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே தூறல், மலையில் பாதிக்கு மேல் மேகம். எதிர்வீட்டுக்கு அந்த ஆவணியில்தான் ஒரு அக்கா மருமகளாக வந்திருந்தார். புகுந்த வீட்டில் அவருக்கு முதல் தீபம். மாமியார் பக்கத்தில் நிற்க, புதுப் புடவையில் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். மேகம் ஒரு நொடி விலகியது. உச்சிக்கருகே பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

"ஏத்துங்கம்மா."

ஏற்றினார்கள். எங்கள் மாடியைப் பார்த்துப் பக்கத்துத் தெருவும் ஏற்றியது. பையன்கள் கரிப்பொடி கட்டிய மாவலியைச் சுற்றத் தொடங்கிவிட்டார்கள்; பொறி பறந்தது. ஆனால் கோயில் பக்கமிருந்து அரோகரா சத்தம் வரவில்லை. ஒரு வெடி வெடிக்கவில்லை. அம்மாதான் மெல்லச் சொன்னாள், "சத்தமே இல்லீங்களே." மேலே ஏறிப்போன யாரோ டார்ச் அடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து அத்தா சொல்லிவிட்டார்.

எரிகிற விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் அப்படியே நின்றார்கள். விளக்கை ஊதி அணைக்கக் கூடாது. மலைக்கு முன்னால் எரியவும் கூடாது. மாமியார் முகம் சுண்டிவிட்டது. "வந்த வருஷமே இப்டி ஆவணுமா," என்றார். அத்தா யாரையும் பார்க்கவில்லை. அப்போது அந்தப் புது மருமகள், அதுவரை எங்கள் மாடியில் ஒரு வார்த்தை பேசியிராதவர், "எரியட்டும் அத்த. மலைக்கு முன்னாடி நம்ம தெரு முந்திக்கிச்சு, அவ்ளோதான்," என்றார் மாமியாரிடம். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஊரெல்லாம் வெடி கிளம்பியது, மேகத்துக்குள் மஞ்சளாக ஒன்று கசிந்தது. தப்பு சரியாகிவிட்டது. அத்தாவுக்கு மட்டும் சரியாகவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வருடம் பெண்கள் மாடிக்கு வந்தபோது அவர் கொட்டகை ஓரமாக நின்றுகொண்டார். "நீங்களே பாத்துக்குங்கம்மா. எனக்குக் கண்ணு கம்மி ஆயிடுச்சு." கண்ணில் ஒரு குறையும் இல்லை, ரோஷம்தான் ஜாஸ்தி. அவர்களே பார்த்தார்கள், அவர்களே ஏற்றினார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் தன் தட்டிலிருந்த விளக்கையெல்லாம் ஏற்றிவிட்டு, ஒரே ஒரு அகலை ஏற்றாமல் எடுத்து அத்தாவுக்கு எதிரே தரையில் வைத்தார்.

"இது உங்க வார்த்தைக்கு பாய். நீங்க சொன்னாதான் ஏத்துவேன். சொல்லலன்னா இருட்டாவே எடுத்துட்டுப் போயிடுவேன்."

அத்தா மலையைப் பார்த்தார், அகலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கொட்டகையை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்து, "ஏத்தும்மா," என்றார். அந்தக் குரல் உடைந்திருந்தது எனக்கே தெரிந்தது. அதற்கடுத்த வருடத்திலிருந்து பழையபடி சுவரோரம் போய் நின்றுவிட்டார். ஆனாலும் அக்கா தட்டில் கடைசி அகல் ஒன்று தனியாக, தனியாகச் சொல்லி ஏற்றப்பட்டது. தெருவில் அதற்குப் பாய் விளக்கு என்றே பெயர் வந்துவிட்டது.

நான் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகிச் சென்னைக்குப் போனேன். எங்களுக்கு மேற்கே இருந்த ஓட்டு வீட்டை விற்றார்கள். அங்கே லாட்ஜ் எழும்பியது. நான் ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் மலை ஒரு மாடி குறைந்திருந்தது. கடைசியில் உச்சியும் போய், எங்கள் மாடிக்கு எதிரே ஏசி பெட்டிகள் தொங்கும் வெள்ளைச் சுவர் வந்தது. அதிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அத்தா ஒரு பக்கெட் வைத்தார். செங்கம் ரோட்டில் சாப்பிடப் போனால் எனக்குப் படிக்கத் தெரியாத பெயர்களில் பலகாரம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து, "ரூம் வேணுமா மேடம், கிரிவலமா?" என்கிறார். நீ மட்டும் சென்னையில் ஃப்ளாட் வாங்கலாம், உன் ஊர் மட்டும் ஓட்டு வீடாகவே இருக்க வேண்டுமா என்று என் கணவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனாலும் கோபம்தான் வருகிறது. எனக்கு அந்த மாடி வேண்டும். அம்மா கழுவி விட்ட ஈரத்தோடு, மலையோடு வேண்டும்.

போலீஸ்காரரைத் தாண்டி வந்த கையோடு, பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக லாட்ஜுக்குள் போனேன். மேனேஜர் சின்னப் பையன்.

"மாடி ஃபுல் மேடம். எல்லாம் வெளியூர்க்காரங்க, பேக்கேஜ்."

"தம்பி, இத கட்டறப்ப மணல் கொட்டினது எங்க வாசல்ல. தண்ணி எடுத்தது எங்க போர்ல. எங்கத்தா ஒரு வார்த்த கேட்டாரா? இப்ப அவர் மலையப் பாக்கணும்னு கேக்கறாரு. ஒருவாட்டி. நாளைக்கு இந்த ஊர்ல இருக்க மாட்டாரு."

அவன் உள்ளே போய்விட்டு மஞ்சள் காகிதப் பட்டை இரண்டைக் கொண்டுவந்தான். "கைல கட்டிக்குங்க. இல்லன்னா செக்யூரிட்டி மேல விட மாட்டான்."

எதிர்வீட்டு அக்கா வாசலில் உட்கார்ந்து, பக்கெட்டில் ஊறப்போட்ட அகல்களை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமியார் போய் வெகு காலமாகிறது, இப்போது அவரே மாமியார். "இன்னா பாப்பா, இப்டி இளச்சிட்ட," என்றார். தெருவில் இன்னும் யாராவது மாடி ஏறுகிறார்களா என்று கேட்டேன்.

"எங்க ஏறறது? இப்பல்லாம் டிவிதான். பக்கத்துல காட்டறான், கண்ணுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆறு மணி ஆச்சுன்னா பாத்துட்டு ஏத்திடுவோம்."

அத்தாவை லாட்ஜ் மாடிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். "முட்டி வலியோட ஏறுவாரா? லிஃப்ட் இருக்குதா? சரி, நல்லா பாக்கட்டும்," என்று அடுத்த அகலை எடுத்தார். பாய் விளக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பிச்சை கேட்பது மாதிரி இருக்கும் என்று தோன்றியது. மனம் கசந்துதான் எழுந்து வந்தேன்.

அத்தா சலவைச் சட்டையும் தொப்பியும் போட்டு, அத்தர் தடவித் தயாராக இருந்தார். பட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது. "நம்ம தெருவுல நாம விருந்தாளி மாதிரி கட்டிக்கணுமா?" என்றார். பிறகு அவரே கையை நீட்டினார். பாங்கு சொன்னார்கள். இப்போதெல்லாம் அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொழுகிறவரை அவசரப்படுத்த முடியாது. முடித்துக் கிளம்பி லாட்ஜுக்குள் போனால், லிஃப்ட் முன்னால் பெட்டியும் குழந்தைகளுமாக ஒரு குடும்பம். அது மேலே போய்த் திரும்பி வந்தது. நாங்கள் ஏறியதும் ஒவ்வொரு மாடியிலும் நின்றது. அத்தா என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மேலே ஒரே கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ கேன், தலைக்கு மேல் தூக்கிய போன்கள். "பெரியவருங்க, கொஞ்சம் வழி விடுங்க," என்று இடித்துக்கொண்டே போனேன். கைப்பிடிச் சுவரோரம் இடம் கிடைத்தது. எதிரே மலை, ஒரு மேகமில்லாமல், அடியிலிருந்து உச்சிவரை. நான் அழுதுவிட்டேன். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

"அப்டியேதான் இருக்குது," என்றார் அத்தா.

கை இரண்டையும் சுவரில் ஊன்றி, முன்பு நின்ற மாதிரியே நின்றார். உச்சியில் பொட்டு விழுந்தது, நிமிர்ந்து எரிந்தது. ஊர் முழுக்க அரோகரா என்றது, வெடிகள் கிளம்பின.

"ஏத்துங்கம்மா," என்றார் அத்தா.

அங்கே யாரிடமும் விளக்கு இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். மொழி தெரியவில்லை போலும், வழி கேட்கிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே நகர்ந்து நின்றாள். அத்தா கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். "போலாம்மா," என்றார்.

லிஃப்ட் தெருப்பக்கம் இருந்தது. அது வருவதற்குள் நான் சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். எங்கள் மாடி, துருப்பிடித்த கொட்டகையோடு காலியாகக் கிடந்தது. தெரு முழுக்க வாசல்களில் விளக்கு எரிந்தது. எதிர்வீட்டிலும் எல்லா அகலும் எரிந்தன, டிவியைப் பார்த்து ஏற்றியவை. படி ஓரத்தில் ஒரு அகல் மட்டும் எரியவில்லை. அதன் பக்கத்தில் அக்கா தீப்பெட்டியோடு நின்று, அண்ணாந்து எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தா, இங்க வாங்க. கீழ ஒன்னு இன்னும் ஏத்தல."

எரியாத அகல் அவ்வளவு உயரத்திலிருந்து அவருக்குத் தெரியாது. நான் காட்டிய பக்கம் குனிந்து பார்த்தார். "ஏத்தும்மா," என்றார். வெடிச் சத்தத்தில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மஞ்சள் பட்டை கட்டிய கையை மேலே தூக்கினார். அக்கா குனிந்தார். படி ஓரத்தில் அதுவும் எரிந்தது.

"அந்த வருஷம் முந்திட்டேன். இந்த வருஷம் பிந்திட்டேன்," என்று லிஃப்டில் சொன்னார் அத்தா. "சரியாப் போச்சு."

தெருவில் இறங்கி எதிர்வீட்டு வாசலுக்குப் போனோம். "இவ்ளோ நேரமா பாய்? காத்துட்டு நின்னு கழுத்தே வலிக்குது," என்றார் அக்கா. லிஃப்ட் லேட்டும்மா என்றார் அத்தா, கடையைத் தாமதமாகத் திறந்தவர் சொல்வது போல.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இத்தன வருஷமா மலையே தெரியலியேக்கா. இந்த விளக்க என்ன பண்ணீங்க?"

"இன்னா பண்றது? எண்ண ஊத்தி, திரி போட்டு வெப்பேன். உங்கத்தா சொல்லல. இருட்டாவே எடுத்து உள்ள வெச்சிடுவேன்."

அத்தா அந்த அகலையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா உள்ளே போய்ப் பொரி உருண்டை எடுத்துவந்து கொடுத்தார். அத்தா அதை அங்கேயே, விளக்குப் பக்கத்தில் நின்றபடி, முழுசாகத் தின்று முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.